ஓரிரவுக் காட்டுநடை: முதுகில் எவ்வளவு போதும்?

காட்டுக்குள் நடந்துபோய் ஒரு ராத்திரி தங்கித் திரும்புவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை பையின் கனத்தைப் பற்றியவை. எங்கள் ட்ரெக்கிங் குழுவின் பதில்கள் இதோ.

கேள்வி: ஒரே ஒரு இரவுதான் தங்கப் போகிறேன். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால் பை 14 கிலோ வருகிறது. என் எடை 58 கிலோ. 9 கிலோமீட்டர் ஏற்றத்தில் இதைத் தூக்கிப் போக முடியுமா?

பதில்: தூக்கிவிடலாம். ஆனால் இரண்டாவது மணி நேரத்திலிருந்து காடு கண்ணில் படாது, தோள்வலி மட்டும்தான் தெரியும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்ற வேண்டாம் என்பது நடைப்பயணிகள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. உங்களுக்கு அது 11.6 கிலோ. ஓர் இரவுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. எட்டரை கிலோவில் முடித்துவிடலாம்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நிறுத்து, ஒரு தாளில் எழுதுங்கள். சீப்புகூட விடுபடக்கூடாது. வழியில் தீர்ந்துபோகிற தண்ணீர், உணவு, எரிபொருள் மூன்றையும் தனியாக ஒதுக்கிவிட்டு மீதியைக் கூட்டுங்கள். இதைத்தான் 'பேஸ் வெயிட்' என்கிறார்கள். 9 கிலோவுக்குள் இருந்தால் இலகுச்சுமை, 4.5 கிலோவுக்குள் இருந்தால் அதி இலகுச்சுமை. உங்களுக்கு 6 கிலோ நல்ல இலக்கு. தோராயமாக இப்படி வரும்: காலிப் பை 1.1 கிலோ, டென்ட் 1.2, ஸ்லீப்பிங் பேக் 1, விரிப்பு 0.4, பையில் போகும் உடைகள் 0.9, மழைச்சட்டை 0.3, சமையல் பாத்திரமும் ஸ்டவ்வும் 0.4, விளக்கு, முதலுதவி, கத்தி, போன் போன்ற சில்லறைப் பொருள்கள் 0.6. ஆகமொத்தம் 5.9 கிலோ. உணவு 900 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், கேஸ் உருளை 200 கிராம் சேர்த்தால் எட்டரை.

அப்படியானால் உங்கள் 14 கிலோ எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களில் தேடுங்கள். முதலாவது, பை, தங்குமிடம், படுக்கை ஆகிய பெரிய பொருள்கள். பழைய மாதிரிப் பை மட்டுமே இரண்டரை கிலோ இருக்கும். நான்கு பேர் டென்ட்டை ஒருவருக்காகச் சுமப்பவர்களும் உண்டு. இரண்டாவது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டே போட்டவை. மூன்றாவது சட்டை, இரண்டாவது டார்ச், முழு பற்பசைக் குழாய், குளியல் துண்டு, இரட்டைச் சுவர் எஃகுக் குடுவை. அந்தக் குடுவை 400 கிராம் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் விற்கப்படும் பிளாஸ்டிக் பாட்டில் 35 கிராம்தான், வேலை ஒன்றே. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் பெரும்பாலும் 350 கிராம் வரும். போனை ஃப்ளைட் மோடில் போட்டால் முழு சார்ஜ் இரண்டு நாளுக்குத் தாங்கும். சந்தேகமிருந்தால் 5,000 எம்ஏஎச் போதும், 120 கிராமில் முடிந்துவிடும்.

இன்னொன்று. பையைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். 65 லிட்டர் பையை முதலில் வாங்கினால் காலியிடம் உறுத்திக்கொண்டே இருக்கும், கை எதையாவது எடுத்துப் போடும். ஓர் இரவுக்கு 35 முதல் 45 லிட்டர் தாராளம்.

கேள்வி: விலை உயர்ந்த இலகுரகப் பொருள்கள் வாங்காமல் சுமையைக் குறைக்கவே முடியாதா?

பதில்: முடியும். முதல் மூன்று கிலோ, வாங்காமலே குறையும். வேண்டாததை எடுத்து வைப்பது, இருவர் போனால் டென்ட்டையும் ஸ்டவ்வையும் பங்கிட்டுக்கொள்வது, பற்பசையைச் சின்னக் குப்பிக்கு மாற்றுவது, உணவின் அட்டைப்பெட்டிகளை வீட்டிலேயே கழற்றிவிடுவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. அமெரிக்காவின் எம்மா கேட்வுட் 1955-இல், தம் 67-வது வயதில், 3,200 கிலோமீட்டருக்கும் அதிகமான அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். அவரிடம் டென்ட் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. தாமே தைத்த துணிப்பை, ஒரு போர்வை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் குளியலறைத் திரை. அதை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. கடைக்குப் போகும் முன் தராசுக்குப் போங்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

கேள்வி: டென்ட், டார்ப் (கூரைபோல் இழுத்துக் கட்டும் மழைத்துணி), ஹேமக் (இரு மரங்களுக்கிடையே கட்டும் தொங்குபடுக்கை) மூன்றில் எது எடை குறைவு? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: துணியை மட்டும் நிறுத்தால் டென்ட்டைவிட டார்ப் எடை குறைவு. மூன்றுக்கு மூன்று மீட்டர் நைலான் டார்ப் 500 கிராம் இருக்கும். ஆனால் அதோடு கயிறுகள், எட்டு முளைகள், தரைவிரிப்பு வேண்டும். பூச்சி உள்ள காடென்றால் கொசுவலையும் வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தொட்டுவிடும், ஒருவர் தங்கும் இலகுரக டென்ட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த ஓரத்தைத் தாழ்த்திக் கட்டத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டு மழை உள்ளே வரும். வீட்டு மொட்டைமாடியிலோ பூங்காவிலோ நான்கு முறை கட்டிப் பழகாமல் டார்ப்பை மட்டும் நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள்.

ஹேமக்கின் எடையில் பலர் ஏமாறுகிறார்கள். படுக்கைத்துணி 400 கிராம்தான். மரத்தில் கட்டும் பட்டைகள் 150, வலை 250, மேலே டார்ப் 400 என்று ஏறிக்கொண்டே போகும். முதுகுக்குக் கீழே குளிர் தாக்கும் என்பது முதல் இரவில்தான் தெரியவரும். நம் உடல் அழுத்துவதால் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கப் பஞ்சு தட்டையாகிவிடும். கீழே தரைக்குப் பதில் ஓடும் காற்று. அதற்கு ஹேமக்கின் வெளியே தொங்கவிடும் அடிப்போர்வை வேண்டும். அது இன்னொரு அரைக் கிலோ. ஆக 1.7 கிலோ. கரடுமுரடான சரிவிலும், சமதரையே கிடைக்காத அடர்காட்டிலும் ஹேமக் அருமையானது. எடைக்காக மட்டும் அதை வாங்க வேண்டாம். கட்டுவதென்றால் 4 முதல் 5 மீட்டர் இடைவெளியில் உயிருள்ள, தடித்த மரங்கள் இரண்டைப் பாருங்கள். மரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டை குறைந்தது 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும், மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். கயிறு கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் முடிச்சின் மேல் விழும் விசை பல மடங்காகும்.

முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு டென்ட்தான். இருவர் டென்ட் 2 கிலோ என்றால், ஒருவர் துணியையும் மற்றவர் கம்பி, முளைகளையும் சுமக்கலாம்.

எதைக் கட்டினாலும் முதலில் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த மரமும் ஒடிந்து தொங்கும் கிளையும் தலைக்கு மேல் இருந்தால் அந்த இடம் வேண்டாம். காற்றே இல்லாத இரவிலும் அவை விழும். பள்ளத்தின் அடிப்பகுதியும் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். சற்று மேட்டில், ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கட்டினால் குளிரும் குறையும், டென்ட்டின் உள்சுவரில் படியும் ஈரமும் குறையும். அந்த ஈரம் பெரும்பாலும் உங்கள் மூச்சுக்காற்றில் இருந்து வருவதுதான். காற்றுத் துவாரங்களை மூடினால் இன்னும் அதிகமாகும்.

கேள்வி: 5 டிகிரி தாங்கும் என்று எழுதியிருந்த ஸ்லீப்பிங் பேக்கில் 8 டிகிரியிலேயே நடுங்கினேன். அட்டையில் இருப்பது பொய்யா?

பதில்: பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிர்ணயப்படி சோதித்த பேக்குகளில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது சராசரிப் பெண் ஒருவர் இயல்பாகப் படுத்து நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை. 'லிமிட்' என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ சமாளித்துத் தூங்கும் வெப்பநிலை. இரண்டுக்கும் 5 டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருக்கும். பெரிய எழுத்தில் அச்சிடுவது பெரும்பாலும் லிமிட்டைத்தான். 'எக்ஸ்ட்ரீம்' எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள், அது உயிர் பிழைப்பதற்கான கணக்கு. வாங்கும்போது கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பார்த்து, எதிர்பார்க்கும் குளிரைவிட 3, 4 டிகிரி குறைவாக இருப்பதை எடுங்கள்.

எதிர்பார்க்கும் குளிர் எவ்வளவு என்பதிலும் தவறு நடக்கும். வானிலை அறிக்கை அடிவாரத்து ஊருக்கானது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும்.

அடுத்து, உங்கள் விரிப்பு என்ன? கேள்வியில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. அந்தச் சோதனைகள் நல்ல விரிப்பின் மீது வைத்துத்தான் செய்யப்படுகின்றன. தரை, காற்றைவிட வேகமாக உடல்சூட்டை உறிஞ்சும். விரிப்பின் காப்புத்திறனை 'ஆர்-வேல்யூ' என்ற எண்ணால் சொல்வார்கள். மடித்து வைக்கும் ஃபோம் விரிப்பு 400 கிராம், ஆர்-வேல்யூ ஏறத்தாழ 2. எட்டு, பத்து டிகிரி இரவுக்கு இது போதும். பூஜ்யத்தை நெருங்கும் இரவென்றால் 3-க்கு மேல் பாருங்கள். காற்றடைக்கும் விரிப்பு சொகுசானது, முள் குத்தினால் இரவு முழுக்க வெறுந்தரைதான். ஒட்டுத் துண்டுகளை மறக்காதீர்கள். எடையை இன்னும் குறைக்க, ஃபோம் விரிப்பைத் தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை வெட்டிக்கொண்டு, கால்களுக்கு அடியில் காலிப் பையைப் போடலாம். குளிர் அதிகமில்லாத காலத்துக்கு மட்டும்தான் இது.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள். வியர்த்த உடையோடு பேக்குக்குள் நுழையாதீர்கள். தலைக்குக் குல்லா போடுங்கள். முகத்தை உள்ளே இழுத்து மூச்சு விடாதீர்கள், பஞ்சு ஈரமாகும். படுக்கும் முன் கொழுப்புள்ள ஏதாவது இரண்டு வாய் சாப்பிடுங்கள். மூடி கசியாத பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் தொடைகளுக்கு நடுவில் வைத்தால் பல மணி நேரம் சூடு நிற்கும். இருக்கிற உடையை எல்லாம் போட்டுக்கொண்டு பேக்குக்குள் திணித்துக்கொள்வது தவறு. பஞ்சு நசுங்கினால் அதிலுள்ள காற்று போய்விடும், சூட்டைக் காப்பதே அந்தக் காற்றுதான்.

கேள்வி: எத்தனை செட் உடை?

பதில்: நடக்க ஒன்று, தூங்க ஒன்று. அதற்கு மேல் மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழை மேலாடை) ஒன்று, மழைச்சட்டை ஒன்று, கூடுதலாக ஒரு ஜோடி காலுறை. நடக்கும் உடை பருத்தியாக இருக்க வேண்டாம். பருத்தி நனைந்தால் எளிதில் உலராது, உடம்போடு ஒட்டிக் குளிரவைக்கும். பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி நல்லது. தூங்கும் உடையை மட்டும் தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, டென்ட்டுக்குள் போன பிறகே வெளியே எடுங்கள். காலையில் ஈரச் சட்டையை மறுபடி மாட்டிக்கொள்வது எரிச்சலாகத்தான் இருக்கும். பத்து நிமிட நடையில் உடல்சூடு அதைச் சமாளித்துவிடும்.

கேள்வி: தண்ணீர்தான் மிகக் கனமான பொருள். குறைக்க வழி? ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தால் குடிக்கலாமா?

பதில்: தெளிவு என்பது சுத்தம் அல்ல. மேலே எங்கோ ஒரு விலங்கு செத்துக் கிடந்தாலும் நீர் கண்ணாடியாகத்தான் ஓடும்.

மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். தங்குமிடத்தில் இரவுச் சமையல், குடிநீர், காலை உணவு சேர்த்து ஒருவருக்கு 2 முதல் 3 லிட்டர். இத்தனையையும் முதுகில் ஏற்ற வேண்டாம். வரைபடத்தில் நீர்நிலைகளைக் குறித்து, ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போதுமானதை மட்டும் சுமந்தால் ஒரே அடியில் இரண்டு கிலோ குறையும். அந்தப் பருவத்தில் ஓடையில் நீர் இருக்கிறதா என்பதைப் புறப்படும் முன் விசாரித்து உறுதிசெய்யுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் சுமந்துதான் ஆக வேண்டும்.

சுத்திகரிக்க மூன்று வழிகள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுவது, 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். எல்லாக் கிருமிகளையும் கொல்லும், எரிபொருளைத் தின்னும். இரண்டாவது, 0.1 மைக்ரான் துளைகள் கொண்ட இழை ஃபில்டர். 100 கிராமுக்குள் கிடைக்கிறது, பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. ஈரமான ஃபில்டர் உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. உறைபனி இரவில் ஜிப் பையில் போட்டு உங்களோடு ஸ்லீப்பிங் பேக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மாத்திரை. சில கிராம்தான் எடை. சாதாரணக் குளோரின் மாத்திரைக்கு அரைமணி நேரம், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு அசையாது. குளோரின் டை ஆக்சைடு மாத்திரை அதையும் அழிக்கும், நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டிய பிறகே மாத்திரை போடுங்கள். மேலே மனிதக் குடியிருப்பு உள்ள ஓடை என்றால் ஃபில்டர், பிறகு மாத்திரை, இரண்டும் வேண்டும்.

கேள்வி: ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக ஸ்டவ் தூக்க வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. ஸ்டவ், உருளை, பாத்திரம் மூன்றையும் விட்டால் 400 முதல் 600 கிராம் மிச்சம். ரொட்டி, சீஸ், கொட்டைகள், உலர்பழம், வேர்க்கடலை வெண்ணெய் என்று ஓர் இரவை ஓட்டிவிடலாம். ஆனால் குளிரும் மழையும் உள்ள நாளில் சூடான ஒரு கோப்பைக்கு ஈடே இல்லை. அப்போது அந்த அரைக் கிலோவைத் தயங்காமல் சுமப்போம்.

ஒரு லிட்டர் நீர் கொதிக்க 12 முதல் 15 கிராம் கேஸ் போகும். ஒருவருக்கு ஓர் இரவுக்கு இரண்டு லிட்டர் என்றால் 30 கிராம். ஆக 100 கிராம் கேஸ் அடைத்த உருளையே மிகுதி. மூடி போடாமல், காற்றுக்கு மறைப்பு இல்லாமல் எரித்தால் இதுவே இரண்டு மடங்காகும். மறைப்பை உருளையைச் சுற்றி மூடிவிடாதீர்கள், உருளை சூடேறுவது ஆபத்து. மூடிய டென்ட்டுக்குள் ஸ்டவ் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

உணவுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 800 கிராம் போதும். 100 கிராமுக்கு 450 கலோரி தரும்படி பாருங்கள். கொழுப்பு 100 கிராமில் 900 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 400. டப்பா உணவில் பாதிக்கு மேல் நீரும் தகரமும்தான்.

கேள்வி: பையில் எது மேலே, எது கீழே? மழை உறை போட்டும் உள்ளே நனைகிறதே?

பதில்: மழை உறை முதுகுப்பக்கத்தை மூடாது. நீர் தோளிலிருந்து வழிந்து அந்த வழியாக நுழையும், காற்று உறையையே பிய்த்துக்கொண்டும் போகும். தடித்த பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைப் பைக்குள்ளே விரித்து, அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி மடியுங்கள். 60, 70 கிராம்தான்.

அடியில் ஸ்லீப்பிங் பேக். அதன்மேல், முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு இடையே உணவு, தண்ணீர் போன்ற கனமானவை. அவற்றைச் சுற்றி உடைகள். உச்சியில் மழைச்சட்டை, முதலுதவி, விளக்கு. கனம் முதுகிலிருந்து தள்ளிப்போனால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் நாள் முழுக்கக் குனிந்தே நடப்பீர்கள். மாட்டும்போது எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் வைத்து முதலில் இறுக்குங்கள். தோளில் மாட்டும் பட்டைகள் அதற்குப் பிறகு, மார்புப்பட்டை கடைசி. எடையின் பெரும்பகுதி இடுப்பில் உட்கார வேண்டும். தோள் வலித்தால் இந்த வரிசையில் எங்கோ தவறு.

கேள்வி: கனமான ட்ரெக்கிங் பூட்ஸ் கட்டாயமா?

பதில்: எட்டு கிலோப் பைக்கும் ஒழுங்கான பாதைக்கும் இல்லை. காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் ஐந்து கிலோவுக்குச் சமமான சோர்வைத் தரும். பிடிமானமுள்ள ட்ரெயில் ஷூ போதும், புதிதாக வாங்கி நேரே காட்டுக்குப் போடாதீர்கள். குதிகால் லேசாகச் சுடும்போதே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை.

கேள்வி: இலகுச்சுமை என்று சொல்லி நண்பர் மழைச்சட்டை, முதலுதவி இரண்டையும் விட்டுவிட்டே வருகிறார். எதை விடவே கூடாது?

பதில்: அவரைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். சியாட்டில் நகரத்து மலையேற்றச் சங்கமான 'தி மவுண்டனீர்ஸ்' 1930-களில் வகுத்த பத்து அத்தியாவசியங்களின் பட்டியல் இன்றும் பெரிதாக மாறவில்லை. வழிகாட்டும் வரைபடமும் திசைகாட்டியும், விளக்கு, வெயில் பாதுகாப்பு, முதலுதவி, கத்தி, நெருப்பு, ஒதுங்க ஏதாவது மறைப்பு, கூடுதல் உணவு, கூடுதல் நீர், கூடுதல் உடை. இவற்றைச் சிறிதாக்கலாம், நீக்கக்கூடாது. முதலுதவி 150 கிராமில் அடங்கும்: டேப், காஸ் துணி, இழுபட்டைக் கட்டு, உண்ணி பிடுங்க இடுக்கி, ஓஆர்எஸ் இரண்டு பொட்டலம், வலிக்கும் ஒவ்வாமைக்கும் சில மாத்திரைகள், உங்கள் வழக்கமான மருந்து. விசில் 10 கிராம். குரல் சீக்கிரம் கட்டிக்கொள்ளும், விசில் கட்டாது.

நேரக்கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. 9 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறினால் 2 மணி 48 நிமிடம். அது ஓய்வில்லாத, பழகிய நடை. பையோடு போகிறவர் நான்கு மணி நேரம் வைத்துக்கொண்டு, இருட்டுவதற்கு இரண்டு மணி முன்பே இடம் சேரும்படி கிளம்ப வேண்டும். எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: கேட்கத் தயக்கமாக இருக்கிறது. கழிவறைக்கு என்ன செய்வது?

பதில்: இதை எல்லோரும் கேட்க வேண்டும். நீர்நிலை, பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் 60 மீட்டர், அதாவது ஏறத்தாழ 80 தப்படி தள்ளிப் போங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, முடிந்ததும் அதே மண்ணால் மூடுங்கள். அந்த ஆழத்து மண்ணில்தான் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதிகம். ஆழம் குறைந்தால் விலங்குகள் கிளறிவிடும். இதற்கென்றே விற்கும் சின்ன மண்தோண்டி 20 கிராமிலும் உண்டு. தாளைப் புதைக்காதீர்கள். இரட்டை ஜிப் பையில் போட்டு, உணவுக் குப்பையோடு சேர்த்து, பையின் வெளிப்பாக்கெட்டில் வைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஈரத் துடைப்பான்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை கலந்தவை. அவற்றுக்கும் இதே விதிதான்.